பத்தாம் நம்பர் யன்னலை மூடிப்போட்டினம்

கனநாளாக இந்தப் பக்கம் வரவில்லை. வேலை, வீடு, பனி, நித்திரை என்று நாள் போய்விடுகிறது. இன்றைக்கு எழுத வைத்தது ஒரு பழைய லப்டொப். அதைவிட, வருகிற மாதம் எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டத்தில் எடுக்கப்போகும் ஒரு முடிவு. கூட்டத்தில் எழும்பி நின்று கதைக்க எனக்கு வராது. குரல் நடுங்கும். ஆனபடியால் சொல்ல வேண்டியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

2025 ஒக்டோபர் கடைசி, ஒரு வெள்ளி இரவு. றெஸ்ரோறன்ரில் கடைசி மேசையும் எழும்பி, அடுப்பெல்லாம் துடைத்து, குப்பை கட்டி வெளியில் வைத்தாகிவிட்டது. எங்களோடு கோப்பை கழுவுகிற அண்ணை ஒரு பிளாஸ்ரிக் பையோடு வந்து குசினி மேசையில் வைத்தார். உள்ளே துவாயால் சுத்தின லப்டொப்.

"தம்பி, இதை ஒருக்காப் பார். ஒக்டோபரோட முடிஞ்சுதெண்டு எழுத்து வருது. என்ன முடிஞ்சது?"

"ஆர் சொன்னது அண்ணை?"

"அதுவே சொல்லுது. கடையில கொண்டுபோய்க் காட்டினன். அந்தப் பெடியன் திறந்தும் பாக்கேல்ல. இது சரிவராது, புதுசு வாங்குங்கோ எண்டான். எண்ணாயிரம் குரோணராம். நீ கம்பசில கொம்பியூட்டர் படிச்சனீதானே?"

படித்தேன். முடிக்கவில்லை. அதை அண்ணைக்கு எத்தனை தரம் சொன்னாலும் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அவரைப் பொறுத்தவரை யாழ்ப்பாணக் கம்பஸ் வாசலைத் தாண்டினவன் எல்லாம் படித்தவன்தான்.

அவருக்கு அறுபது கிட்ட வருகிறது. எண்ணாயிரம் குரோணர் என்பது அவருக்கு எத்தனை ஆயிரம் கோப்பை என்று எனக்குத் தெரியும். ஆனால் பிரச்சினை காசு மட்டுமில்லை. அந்த லப்டொப்பை அவர் 2016ல் வாங்கினார். அடுத்த வருசம் ஊரில் அம்மா செத்துப்போனா. இவருக்குப் போக முடியாத நிலைமை. செத்தவீட்டை இந்தத் திரையில் ஸ்கைப்பில்தான் பார்த்தார். மச்சான் பிறகு அனுப்பின வீடியோவும் படங்களும் இதற்குள்தான் கிடக்கின்றன. ஸ்கைப்பையே 2025 மே மாதத்தில் மூடிவிட்டார்கள். அது அவருக்குத் தெரியும். "அதையும் மூடிட்டாங்கள், இதையும் மூடிட்டாங்கள்" என்றார். "உள்ளுக்குக் கிடக்கிறதுகளும் போயிடுமோ?"

போகாது அண்ணை என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சரி, விசயத்துக்கு வருவோம். என்ன முடிந்தது?

வின்டோஸ் 10 என்கிற இயங்குதளம் 2015 யூலை 29ல் வந்தது. அந்த நேரம் மைக்ரோசொவ்ற்றில் வேலை செய்த ஒருவர், இதுதான் கடைசி வின்டோஸ், இனி இதையே புதுப்பித்துக்கொண்டு போவோம் என்ற மாதிரிச் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. 2021 ஒக்டோபரில் வின்டோஸ் 11 வந்தது. 2025 ஒக்டோபர் 14 வின்டோஸ் 10க்குக் கடைசி நாள். கணனி அன்றைக்கு நின்றுபோகாது. வழமைபோலத் திறக்கும், பாட்டுப் போடும். நின்றது இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள். கள்ளர் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் அதை அடைக்க இனி ஒருவரும் வரமாட்டார்கள். வீட்டுக் கதவு அப்படியேதான் இருக்கிறது, பூட்டுத் திருத்துகிறவன் மட்டும் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

அப்படியென்றால் 11க்குப் போகலாமே? அங்கேதான் சிக்கல். வின்டோஸ் 11 எல்லாக் கணனியிலும் ஏறாது. ரிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு வேண்டும். அதைவிட, கணனியின் மூளை மைக்ரோசொவ்ற்றின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்ரெல் என்றால் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிறகு வந்ததும். எட்டாந் தலைமுறை 2017ல் வந்தது. அண்ணையின் லப்டொப்பில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்தேன். ஐ5 என்று போட்டு 6200 என்று இருந்தது. முதல் இலக்கம்தான் தலைமுறை. ஆறு. ஆகப் பட்டியலில் இல்லை. உங்களுடையதையும் இப்படியே பார்க்கலாம். இன்ரெல் ஐ3, ஐ5, ஐ7 என்றால் அதற்குப் பின்னால் வருகிற நாலு இலக்கத்தில் முதலாவதைப் பாருங்கள். 10, 11, 12 என்று தொடங்கினால் பயமில்லை.

திறந்து பார்த்தேன். மூடியில் கீறல் இல்லை. விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன. மனிசன் துவாயால் சுத்தி வைத்திருந்தவர். பழுதே இல்லாத ஒரு சாமானை, எங்கோ இருக்கிற ஒரு கந்தோர் திகதி போட்டுச் செல்லாது என்கிறது. எங்களைப் போன்ற ஆட்களுக்கு இது பழகின கதைதான். ஒரு கடதாசியில் ஒரு திகதி. அதற்கு முதல்நாள் வரை நீ சரியான ஆள். அடுத்த நாள் பிழையான ஆள். உன்னில் ஒன்றும் மாறியிருக்காது.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லவேண்டும்.

2005 கடைசி. ஏ9 பாதை திறந்திருந்த காலம். கம்பஸில் என்னோடு படித்த ஒருவன், உபுந்து என்கிற லினக்ஸ் இலவசமாகச் சீடி அனுப்புகிறார்களாம் என்று சொல்லி, இணையத்தில் எங்கள் விலாசத்தைக் கொடுத்துப் பதிந்துவிட்டான். நாங்கள் சிரித்தோம். ஆர் யாழ்ப்பாணத்துக்குச் சும்மா சீடி அனுப்புவான்? சில கிழமையில் தபாலில் பொதி வந்தது. மட்டை உறையில் அழகான சீடிகள். தபால் செலவும் அவர்களுடையது. உண்மையிலேயே அப்படி ஒரு திட்டம் 2005 தொடக்கம் 2011 வரை இருந்தது. உலகத்தில் எவர் கேட்டாலும் அனுப்பினார்கள். உபுந்து என்ற சொல் ஆபிரிக்க மொழிச் சொல். மற்றவர்களால்தான் நான் நானாக இருக்கிறேன் என்கிற மாதிரி ஒரு கருத்து.

ஒருநாள் அந்தச் சீடியோடு சைக்கிளில் வரும்போது சென்ரியில் மறித்தார்கள். பையைக் கிண்டின ஆமிக்காரன் சீடியைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்று கேட்டான். அந்தக் காலத்தில் சீடி என்றாலே வில்லங்கம். எனக்கு வாய் வரவில்லை. நண்பன் சிங்களத்தில் கொஞ்சம், இங்கிலிசில் கொஞ்சம் கலந்து, இது கம்பியூட்டர் ஓடுகிற சீடி, சும்மா குடுக்கிறது, உனக்கும் ஒன்று வேணுமோ என்று கேட்டான். அவன் உறையிலிருந்த சிரித்த முகங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

2006 ஓகஸ்டில் பாதை பூட்டினது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் 2007ல் படிப்பை விட்டு வெளிக்கிட்டேன். அவன் வன்னியில் இருந்தவன். 2009க்குப் பிறகு அவனைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. லினக்ஸ் என்றால் எனக்கு அவன்தான். ஆனபடியால் நான் இதைப்பற்றி எழுதும்போது கொஞ்சம் பக்கச்சார்பு இருக்கும். முதலே சொல்லிவிடுகிறேன்.

இனி, பழைய கணனி வைத்திருக்கிற ஒருவருக்கு இப்போது என்னென்ன வழி இருக்கிறது என்று பார்ப்போம்.

ஒன்று. வின்டோஸ் 10லேயே இருந்து நீட்டிப்பு வாங்குவது. மைக்ரோசொவ்ற் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக ஒரு திட்டம் வைத்தது. முதலில் 30 டொலர் கட்டு, அல்லது உன் கணனி அமைப்புகளை எங்கள் சேமிப்பில் ஏற்று, அல்லது எங்கள் புள்ளிகளைச் சேர்த்துத் தா என்றார்கள். ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகள் சண்டை பிடித்தன. 2025 செப்டெம்பரில், ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்கு இந்த நிபந்தனைகள் இல்லாமல் இலவசம் என்று இறங்கி வந்தார்கள். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் இந்தப் பிரதேசத்துக்குள் இருக்கிறது. ஆகவே எங்களுக்கும் இலவசம். மைக்ரோசொவ்ற் கணக்கு ஒன்று வேண்டும், 60 நாளுக்கு ஒருமுறையாவது அதில் உள்நுழைய வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் தங்கச்சிக்கு இந்தச் சலுகை கிடையாது. அவளுக்குப் பழைய நிபந்தனைகள்தான். ஒரே வின்டோஸ், ஒரே ஓட்டை, ஆனால் கடவுச்சீட்டைப் பார்த்து மருந்து.

இது பிழையான வழி இல்லை. ஆனால் ஒரு வருசத் தவணைதான். யோசிக்க நேரம் வாங்குவதற்கு நல்லது.

இரண்டு. பட்டியலில் இல்லாத கணனியில் வின்டோஸ் 11ஐக் குறுக்கு வழியால் ஏற்றுவது. இணையத்தில் வழி சொல்ல ஆயிரம் பேர். செய்யலாம், ஓடும். ஆனால் அப்படி ஏற்றினால் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசொவ்ற்றே சொல்லியிருக்கிறது. கைவேலை தெரிந்தவன் தன்னுடைய கணனியில் செய்யட்டும். அண்ணையின் கணனியில் செய்துவிட்டு, ஒருநாள் அது படுத்தால் இரவு இரண்டு மணிக்கு ரெலிபோன் வருவது எனக்கு.

மூன்று. கூகிளின் குரோம் ஓஎஸ் பிளெக்ஸ். இலவசம், லேசானது. இணையம் மட்டும் பார்க்கிறவருக்குப் போதும். ஆனால் கூகிள் கணக்கு வேண்டும், எல்லாம் இணையத்துக்குள்தான். வீட்டுக்குள்ளேயே நிறையக் கோப்புகள் வைத்திருக்கிறவருக்கு இது சரிவராது.

நாலு. லினக்ஸ். அதிலேயே நூறு வகை. புதிதாக வருகிறவருக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ற். கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வின்டோஸ் 7 பழகினவருக்கு அந்நியமாக இராது. இப்போதுள்ள 22ம் வரிசை 2024ல் வந்தது, 2029 வரை திருத்தங்கள் உண்டு. 4 ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும். கணனி இன்னும் கிழடு என்றால் எக்ஸ்எப்சிஈ என்கிற லேசான பதிப்பை எடுங்கள். ஒன்று கவனம், 32 பிற் கணனிகளின் காலம் லினக்ஸிலும் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13 அந்தக் கணனிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. லினக்ஸ் என்றால் எல்லாப் பிணமும் எழும்பி நடக்கும் என்று நினைக்கக் கூடாது.

ஐந்து. புதிது வாங்குவது. அல்லது கந்தோர்கள் கழித்த, எட்டாந் தலைமுறைக்கு மேற்பட்ட கணனியைத் திருத்தி விற்கிறவர்களிடம் வாங்குவது. உங்கள் வேலைக்கு வின்டோஸ் மட்டும்தான் சரிவரும் என்றால் இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதில் எது சரி? இயங்குதளத்தைப் பற்றிக் கதைக்கிறவர்கள் எல்லாம் முதலில் இயங்குதளத்தைப் பற்றியே கதைக்கிறார்கள். நான் அண்ணையைக் கேட்டது, "நீங்கள் இதில என்ன செய்யிறனீங்கள்?"

அவர் விரல் மடித்தார். யூரியூப்பில் பழைய பாட்டு. வங்கி. வரிப் பத்திரம் பார்க்கிறது. மகளோடு வீடியோவில் கதைக்கிறது. அம்மாவின் படங்கள். கடைசியாக, ஊர்ச்சங்கக் கணக்கு. அவர்தான் எங்கள் சங்கத்துக்குப் பொருளாளர். பதினாலு வருசமாக.

முதல் நாலும் எதிலும் நடக்கும். வங்கிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் போகிற பாங்க் ஐடி முந்தி ஜாவா இல்லாமல் அசையாது, லினக்ஸ்காரருக்கு அது ஒரு தலையிடி. இப்போது உலாவி போதும், கைத்தொலைபேசியில் சம்மதம் கொடுத்தால் சரி. பயமாக இருந்தது ஆறாவதுதான்.

லினக்ஸ் மின்ற்றை ஒரு யூஎஸ்பி குச்சியில் எழுதினேன். அதில் ஒரு பிழை விட்டேன். மேசையில் கிடந்த இரண்டு குச்சியில் மகளின் பள்ளிக்கூட வேலை இருந்த குச்சியை எடுத்து அழித்துவிட்டேன். நல்லகாலம் அவளிடம் பிரதி இருந்தது. "அப்பா, நீங்க கொம்பியூட்டர் படிச்சனீங்களா உண்மையா?" என்று கேட்டாள். ஆனபடியால் முதல் பாடம்: எழுத முதல் குச்சியின் பெயரை இரண்டு தரம் பாருங்கள்.

குச்சியிலிருந்தே கணனியைத் திறந்தால், உள்ளே இருப்பதைத் தொடாமல் லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். வைபை வேலை செய்கிறதா, சத்தம் வருகிறதா, கமரா தெரிகிறதா என்று ஒரு பின்னேரம் முழுக்கப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் குச்சியைக் கழற்றுங்கள், பழைய வின்டோஸ் அப்படியே இருக்கும். இதைச் செய்யாமல் ஒருவரும் ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டுக்கு வந்தார். எல்லாம் ஓடினது. சங்கக் கணக்குக் கோப்பைத் திறந்தோம். அண்ணையின் முகம் செத்துப்போனது. தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள். ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி.

பாமினி! எங்கள் தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை. பாமினியில் நாங்கள் தட்டினது உண்மையில் தமிழ் இல்லை. கணனிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்து. அதற்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. போர்வை இல்லாவிட்டால் குப்பை. பதினாலு வருசக் கணக்கு, ஆர் எவ்வளவு தந்தது, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு போனது எல்லாம் அந்தப் போர்வையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பாமினி எழுத்துருக் கோப்பை வின்டோஸிலிருந்து எடுத்து லினக்ஸில் போட்டேன். லிப்ரே ஒபிஸில் எழுத்துகள் எழும்பின. கூட்டலும் சரி. அண்ணை மூச்சு விட்டார். தட்டிப் பார்த்தார், புள்ளி விழவில்லை. விசைப்பலகை நோர்வேஜிய அமைப்பில் இருந்ததால் அரைப்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கோடு போட்ட ஓ இருந்தது. ஆங்கில அமைப்புக்கு மாற்றின பிறகு புள்ளியும் விழுந்தது.

ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை. இந்தக் கோப்பை நாளைக்கு வேறொருவர் கைத்தொலைபேசியில் திறந்தால் திரும்பவும் குப்பைதான். சுரதாவின் எழுத்துரு மாற்றியை 2000களில் இணையத்தில் எழுதின எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பாமினியைப் போட்டால் யூனிகோட் வரும். இப்போதும் அப்படி மாற்றிகள் இருக்கின்றன. நானும் மகளும் இரண்டு ஞாயிறு குந்தியிருந்து பதினாலு வருசக் கணக்கையும் மாற்றினோம். அவளுக்குத் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துச் சரிபார்த்தாள்.

இதுதான் நான் சொல்ல வருகிற முதலாவது விசயம். எந்த இயங்குதளம் என்பது இரண்டாவது கேள்வி. உங்களிடம் இருப்பவை எந்த இயங்குதளத்திலும் திறக்குமா என்பதுதான் முதல் கேள்வி. எக்ஸ்பி போனது 2014ல், ஏழு போனது 2020ல், பத்து போனது 2025ல். பதினொன்றும் போகும். யூனிகோடில் இருக்கிற எழுத்து இதற்கெல்லாம் பயப்படாது. வீட்டில் பாமினியில் கிடக்கிற அம்மா அப்பாவின் கடிதம், ஊர் வரலாறு, கலியாண வாழ்த்து எல்லாவற்றையும் இந்தக் குளிர்காலத்தில் மாற்றுங்கள். அதற்கு எந்தக் கம்பனியும் திகதி போடாது.

அண்ணையின் கணனியில் பழைய வன்தட்டை நான் அழிக்கவே இல்லை. கழற்றினேன். படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, வன்தட்டைப் பிஸ்கற் பேணியில் வைத்து அம்மா என்று எழுதி ஒட்டிக் கையில் கொடுத்தேன். அந்த இடத்தில் ஐந்நூறு குரோணருக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டேன். என்னிடம் கிடந்த செத்த லப்டொப்பில் இருந்து நினைவகம் எடுத்து 8 ஜிபி ஆக்கினேன். உண்மையைச் சொன்னால், கணனி பறக்கிறதற்கு லினக்ஸைவிட அந்த எஸ்எஸ்டிதான் பெரிய காரணம். இதையும் சொல்லாமல் லினக்ஸ்தான் எல்லாம் செய்தது என்று சொன்னால் அது பொய்.

எல்லாம் சரியா? இல்லை. அவருடைய பழைய பிரின்ரர் இன்றைக்கும் ஸ்கான் பண்ணுகிறதில்லை. இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தார். ஒருதரம் அடோப் ஏன் இல்லை என்று. ஒருதரம் சத்தம் வரவில்லை என்று. சத்தத்தை அவரே குறைத்து வைத்திருந்தார்.

இப்போது ஊர்ச்சங்க விசயம். அண்ணையின் கணனி திரும்ப ஓடின கதை பரவி, கூட்டத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஒஸ்லோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில் கிடக்கிற, 11 ஏறாத லப்டொப்புகளைச் சேர்த்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது. இருபது இருபத்தைந்து சேரும் என்கிறார்கள். எல்லாருக்கும் சந்தோசம். நான் மட்டும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்ததுக்குத்தான் இந்தப் பதிவு.

நல்ல மனத்தோடு சொல்கிற யோசனைதான். ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம் என்று யோசியுங்கள். இங்கே பாதுகாப்பில்லை என்று எங்கள் பிள்ளைகளின் மேசையிலிருந்து எடுத்ததை, அந்தப் பிள்ளைகளின் மேசையில் வைக்கப் போகிறோம். இங்கே என்றால் ஐரோப்பாக்காரன் சண்டை பிடித்து ஒரு வருசத்தை அந்த நிபந்தனைகள் இல்லாமல் வாங்கித் தந்தான். அங்கே அதுவும் இல்லை. இரண்டு வருசத்தில் அந்தக் கணனிகள் வைரஸ் பிடித்துப் பள்ளிக்கூட அறையில் ஒரு மூலையில் கிடக்கும்.

குப்பைக் கணக்கையும் பாருங்கள். ஐநா சார்ந்த அறிக்கையின்படி 2022ல் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி தொன். அதில் முறையாகச் சேர்த்து மீள்சுழற்சி செய்தது 22.3 சதவீதம். 2019 கணக்கில் நோர்வேயில் ஆளுக்கு 26 கிலோ, உலகத்திலேயே முன்னுக்கு நிற்கிற நாடுகளில் ஒன்று. ஆனால் இங்கே பழுதான கணனியை எந்த மின்சாமான் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தாலும் காசில்லாமல் எடுக்க வேண்டும் என்பது சட்டம். ஊரில் அந்த வசதி எங்கே? பின்வளவில் நெருப்பு வைப்பார்கள். இன்னொன்று, பாசல் உடன்படிக்கையின் திருத்தப்படி 2025 சனவரி 1 தொடக்கம் எல்லா மின்னணுக் கழிவையும் நாடு விட்டு நாடு அனுப்ப முன்கூட்டியே இரு நாட்டின் சம்மதமும் வேண்டும். வேலை செய்யாத கணனியைப் பெட்டியில் போட்டு அன்பளிப்பு என்று எழுதினாலும் அது சட்டத்தின் கண்ணில் கழிவுதான்.

அப்படியென்றால் அனுப்பவே கூடாதா? அனுப்பலாம். எப்படி என்பதுதான் கேள்வி.

இந்த நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2001 யூலையில் நோர்வேயில் சில கணனிக்காரர் கூடி ஸ்கூலெலினக்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பள்ளிக்கூடங்களுக்கான லினக்ஸ். பழைய கணனிகளை எறியாமல், ஒரு நல்ல கணனியை நடுவில் வைத்து, மற்றதெல்லாம் அதன் திரையாக வேலை செய்கிற மாதிரி அமைத்தார்கள். பிள்ளைகள் தங்கள் மொழியில் பாவிக்க வேண்டும் என்று பொக்மோல், நீநொர்ஸ்க், வடக்குச் சாமி மொழிகளில் மொழிபெயர்த்தார்கள். பிறகு அது டெபியன் எடு என்ற பெயரில் உலகத்துக்கே பொதுவானது. அதே காலத்தில் நீநொர்ஸ்க் மொழியில் ஒபிஸ் தராவிட்டால் உங்கள் மென்பொருளை வாங்கமாட்டோம் என்று நோர்வேப் பள்ளிக்கூடங்கள் மைக்ரோசொவ்ற்றுக்கு நின்றன. மைக்ரோசொவ்ற் இறங்கி வந்தது. நீநொர்ஸ்க் எழுதுகிறவர்கள் இந்தச் சின்ன நாட்டிலேயே சிறுபான்மை. கேட்டார்கள், கிடைத்தது.

இன்னொரு சங்கதி. லினக்ஸில் கேடிஈ என்கிற மேசைத்தளம் கட்டப்பட்டிருக்கிற கியூற் என்கிற அடித்தளம் இதே ஒஸ்லோவில் 1994ல் தொடங்கின ரோல்ரெக் என்ற சின்னக் கம்பனியில் உருவானது. அந்தக் கேடிஈயை 2000ம் ஆண்டையொட்டியே தமிழர் சிலர் சம்பளமில்லாமல் தமிழாக்கத் தொடங்கினார்கள். நான் கோப்பை கழுவின நகரத்தில் செய்த சாமானில் தமிழ் ஏறியிருக்கிறது என்பதைப் பல வருசத்துக்குப் பிறகுதான் அறிந்தேன்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஜேர்மனியில் மியூனிக் நகரசபை 2004ல் லினக்ஸுக்கு மாறத் தொடங்கி, பல்லாயிரம் கணனிகளை மாற்றி முடித்து, 2017ல் திரும்ப வின்டோஸுக்கே போவதென்று வாக்களித்தது. அரசியல் ஒரு காரணம். ஆனால் பாவிக்கிற சனம் திருப்தியில்லை என்ற முறைப்பாடும் இருந்தது. மேலே இருந்து ஒருவர் தீர்மானித்து, கீழே இருப்பவரின் மேசையில் வைத்தால் எந்த நல்ல சாமானும் நிற்காது.

ஆகவே கூட்டத்தில் நான் கேட்கப்போவது நாலு விசயம்.

முதலாவது, பள்ளிக்கூடத்தில் கணனி படிப்பிக்கிற ஆசிரியரோடு முதலில் கதையுங்கள். அவவுக்கு என்ன தேவை, என்ன பாடம், லினக்ஸ் சரிவருமா, அல்லது வின்டோஸ்தான் வேண்டுமா என்று கேளுங்கள். அவ வின்டோஸ் வேண்டும் என்றால், இருபது பழையதை விட எட்டுப் பட்டியலில் உள்ள கணனி வாங்கி அனுப்புவோம். அவ வேண்டாம் என்றால் அனுப்பாமல் விடுவோம். தானம் கொடுக்கிறவருக்குப் படம் எடுக்க நல்லாயிருக்கும் என்பதற்காக ஒன்றும் அனுப்பக் கூடாது.

இரண்டாவது, அவ சரி என்றால், ஒவ்வொன்றையும் இங்கேயே சோதித்து, எஸ்எஸ்டி போட்டு, தமிழ் இடைமுகத்தோடும் தமிழ் விசைப்பலகையோடும் லினக்ஸ் ஏற்றி அனுப்புவோம். பற்றரி ஊதினது, திரை உடைந்தது ஒன்றும் பெட்டிக்குள் போகக் கூடாது. அவற்றை இங்கே கடையில் கொடுப்போம்.

மூன்றாவது, தருகிறவர்களின் பழைய வன்தட்டுகளைக் கழற்றி அவர்களிடமே கொடுப்போம். எங்கள் ஆட்கள் கணனிக்குள் எதை வைத்திருக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. அகதி வழக்குக் கடிதங்கள், ஆட்களின் பெயர்கள், படங்கள்... அது யாழ்ப்பாணத்தில் ஆரோ ஒருவரின் மேசையில் திறக்கப்படக் கூடாது.

நாலாவது, திருத்த ஒரு ஆள். ஊரில் ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ மாதம் கொஞ்சக் காசு கொடுப்போம். இல்லாவிட்டால் முதல் பழுதோடு எல்லாம் முடியும்.

"இதெல்லாம் கன வேலை தம்பி, பேசாமல் பெட்டி கட்டுவம்" என்று ஆராவது சொல்லுவார்கள். வேலைதான். வேலைக்கு நான் வருகிறேன். திங்கட்கிழமை எனக்கு லீவு. அண்ணையும் வருகிறேன் என்றார். திருகாணி கழற்ற அவர் பழகிவிட்டார்.

தபால் செலவையும் தாங்களே கட்டி, கேட்டதற்குக் கேட்டபடி யாழ்ப்பாணத்துக்கு ஒருவர் ஒருகாலம் சீடி அனுப்பினார். ஆர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சீடி புதிதாக இருந்தது, சுத்தமாக இருந்தது, வேலை செய்தது. நாங்கள் எங்கள் ஊருக்கு அனுப்புவதும் அப்படி இருக்கட்டும்.

அண்ணை நேற்றுக் குசினியில் சொன்னார்: "தம்பி, அம்மான்ர வீடியோ இப்ப நிக்காமல் ஓடுது. முந்தி இடைக்கிடை நிண்டு நிண்டுதான் ஓடும்." பிறகு கோப்பைகளைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

உங்களிடமும் இப்படிப் பழைய கணனி கிடந்தால், இலக்கத்தைப் பாருங்கள், குச்சியில் ஓட்டிப் பாருங்கள். பாமினியை மாற்றுங்கள். ஒஸ்லோவில் இருந்தால் திங்கட்கிழமை பின்னேரம் கொண்டு வாருங்கோ. தேத்தண்ணி தருவேன். பிரின்ரர் மட்டும் கொண்டு வராதையுங்கோ.